கேள்வி பதில்: பாரிமுனையில எதைப் பாக்குறது?

கேள்வி: லீவுக்கு வர்ற அக்கா பசங்களுக்கு பழைய சென்னையைக் காட்டணும்னு ஆசை. என்.எஸ்.சி. போஸ் ரோட்டுல ஒரு பக்கம் கடை கடையா நெருக்கிட்டு இருக்கு, எதிர்ப்பக்கம் ஹைகோர்ட் மட்டும் விசாலமா நிக்குது. எங்கருந்து ஆரம்பிக்க? - வாசகி, தாம்பரம்

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்க மேடம், அந்த ரோட்டோட கதையே அதுதான். இப்ப ஹைகோர்ட் இருக்குற பக்கம்தான் முதல்ல ஊரே இருந்துச்சு, வீடு, கோயில், கடைத்தெருன்னு எல்லாமே. 1746ல பிரெஞ்சுக்காரங்க பக்கத்துல இருக்குற செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடிச்சதும் ஒரு பகுதியை இடிச்சாங்க, 1749ல கோட்டை திரும்பக் கிடைச்ச இங்கிலீஷ்காரங்க அப்புறமா மிச்சத்தையும் இடிச்சுட்டாங்க, ஏன்னா கோட்டையிலருந்து பீரங்கி சுடணும்னா எதிர்ல எதுவும் மறைக்கக் கூடாது. அந்தக் காலி இடத்துக்கு எல்லையா 1773ல ஆறு கல்தூண் நட்டாங்க, இதைத் தாண்டி கோட்டைப் பக்கம் யாரும் கட்டக் கூடாதுன்னு. அதுல ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு, பாரி கம்பெனி கட்டடமான டேர் ஹவுஸ் ஓரமா நிக்குது, தெனம் எத்தனையோ பேர் அதைக் கண்டுக்காமலே பஸ் பிடிக்க ஓடுறாங்க. அங்கருந்தே ஆரம்பிங்க. தூண் 1773, பின்னாடி டேர் ஹவுஸ் 1940ல ஆர்ட் டெக்கோங்குற அந்தக் காலத்துப் பாணியில வந்த கட்டடம், எதிர்ல 1892ல தொறந்த செவப்பு ஹைகோர்ட், நின்ன இடத்துலயே மூணு நூற்றாண்டைக் காட்டிடலாம்.

அப்புறம் அரண்மனைக்காரத் தெரு. 1772ல கட்டுன ஆர்மீனியன் சர்ச் இருக்கு, மணிக்கூண்டுல ஆறு பெரிய மணி. முற்றத்துல கால் வைக்கும்போது கீழ பாத்து நடக்கச் சொல்லுங்க, தரையில பதிச்சிருக்குறது எல்லாம் கல்லறைக் கல்லு, அதுல ஆர்மீனிய எழுத்து.

ஆனா என்னைக் கேட்டா பூக்கடை பக்கம் இருக்குற சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் கோயிலை விட்டுடவே கூடாது. நான் சொன்ன அந்த இடிப்புல பழைய கோயில் போயிடுச்சு, ஆனா ஜனங்க அதை அப்படியே விட்டுடல, 1760கள்ல மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னால நின்னு, இப்ப இருக்குற இடத்துல ரெண்டு கோயிலையும் பக்கத்துல பக்கத்துல திரும்ப எழுப்புனாங்க. ஹைகோர்ட்டைப் பாத்துட்டு நேரா இங்க கூட்டிட்டு வாங்க, எங்க இருந்த சாமி எங்க வந்துச்சுன்னு பசங்களுக்கே புரியும்.

ஞாயித்துக்கிழமை காலையில போங்க. ஷட்டர் நிறைய மூடியிருக்கும், கடை போர்டுக்கு மேல இருக்குற பழைய மாடிகளை நிதானமா அண்ணாந்து பாக்கலாம்.