சிவக்கும் கோபம், கன்றும் கோபம்

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஆங்ரி’, ‘ஃபியூரியஸ்’, ‘லிவிட்’ எல்லாமே கோபம்தானே? எதை எங்கே போடுவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அளவுதான் வேறு. வெறும் எரிச்சல் என்றால் ‘அனாய்டு’. அதற்கு மேல் ‘ஆங்ரி’. தலைக்கேறிவிட்டால் ‘ஃபியூரியஸ்’. இதில் ‘வெரி’ ஏற்கெனவே அடங்கிவிட்டதால் ‘வெரி ஃபியூரியஸ்’ காதுக்கு உறுத்தும். ‘அப்ஸல்யூட்லி ஃபியூரியஸ்’ என்பார்கள். ‘வெரி ஆங்ரி’யில் தப்பில்லை.

‘லிவிட்’டும் அதே உச்சம்தான். ஆனால் பலர் நினைப்பதுபோல அது முகம் சிவக்கிற கோபம் அல்ல. லத்தீனில் ‘லிவிடுஸ்’ என்றால் அடிபட்ட இடம் கன்றிப்போகும் அந்த நீலம். பிறகு ரத்தம் சுண்டி வெளிறிய முகத்தையும் அப்படிச் சொன்னார்கள். கோபம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சிவப்புதான் வேண்டுமென்றால் ‘ஹீ சா ரெட்’ இருக்கிறது.

கேள்வி: ‘ஹீ இஸ் ஆங்ரி ஆன் மீ’ என்று என் மகன் எழுதியதை ஆசிரியை அடித்துவிட்டார். என்ன தப்பு?
– வாசகர், விருதுநகர்

பதில்: ‘என் மேல் கோபம்’ என்பதில் உள்ள ‘மேல்’தான் ‘ஆன்’ ஆகி உட்கார்ந்துவிட்டது. நம்மவர்களை ஆயுசுக்கும் விடாத தப்பு இது. ஆள் என்றால் ‘வித்’ அல்லது ‘அட்’. விஷயம் என்றால் ‘அபவுட்’. செய்த காரியம் என்றால் ‘ஃபார்’. ‘ஷீ இஸ் ஆங்ரி வித் மீ ஃபார் கமிங் லேட்’ என்பதைப் பத்து தரம் சொல்லச் சொல்லுங்கள், நாக்கு பழகிவிடும்.

கேள்வி: ‘ஐ ஆம் பிஸ்டு’ என்றால் கோபமா, போதையா?
– வாசகர், ஓசூர்

பதில்: அமெரிக்கர் சொன்னால் கோபம், லண்டன்காரர் சொன்னால் போதை. ‘ஆஃப்’ சேர்த்துவிட்டால் இரண்டு ஊரிலும் கோபம்தான். எப்படியும் கொச்சை; அலுவலக மின்னஞ்சலில் வேண்டாம்.

கேள்வி: கோபப்படுவதை ‘டெம்பரை இழப்பது’ என்கிறார்களே, டெம்பரை இழந்தால் கோபம் போகத்தானே வேண்டும்? ஏன் வருகிறது?
– வாசகி, காரைக்குடி

பதில்: நல்ல கேள்வி! ‘டெம்பர்’ என்பதற்கு முதலில் சரியான கலவை, பதம் என்றுதான் பொருள். எஃகைப் பதப்படுத்துவதற்கும் அதே சொல். மனசு பதம் தப்பினால் ‘லாஸ்ட் ஹிஸ் டெம்பர்’. பின்னால் அந்தச் சொல்லே குணம் மாறி, ‘ஹீ ஹாஸ் எ டெம்பர்’ என்றால் முன்கோபி என்றாகிவிட்டது. எழுதும்போது இழப்பதைச் சொல்லும் ‘லூஸ்’ஸுக்கு ஒரே ஒரு ‘ஓ’ போடுங்கள். இரண்டு போட்டால் டெம்பர் தொளதொளத்துவிடும்.