சைலன்சர் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும்

கேள்வி: என் பெட்ரோல் காரை வாங்கி நான்கு வருடம்தான் ஆகிறது, அதற்குள் சைலன்சர் அடியில் ஓட்டை விழுந்து ஒரே சத்தம். சந்தை, கோயில், வீடு தவிர வண்டி எங்கும் போவதில்லை. கடல் காற்றுதான் காரணம் என்கிறார் மெக்கானிக். கையோடு, புகையின் நஞ்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கழற்றிவிட்டு நேர் பைப் வைத்தால் பிக்கப் கூடுமாம். செய்யலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: சைலன்சரை மாற்றுங்கள், கன்வெர்ட்டரில் கை வைக்க விடாதீர்கள்.

உப்புக் காற்று பைப்பை வெளியிலிருந்து அரிப்பது உண்மைதான். ஆனால் உங்கள் ஓட்டத்தைப் பார்த்தால் உள்ளிருந்தும் அரித்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வருகிறது. பைப் முழுக்கச் சூடாக இருந்தால் அது அப்படியே வெளியே போய்விடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் இன்ஜின் பக்கம் பைப் கொதித்தாலும் பின்னால் கிடக்கும் சைலன்சர் சூடேறுவதில்லை, அதனால் ஆவி அங்கே தண்ணீராகி, புகையிலுள்ள அமிலமும் சேர்ந்து அடித்தகட்டில் தேங்கி நிற்கிறது. பல சைலன்சர்களில் இந்தத் தண்ணீர் வடியவே அடியில் சிறு துளை வைத்திருப்பார்கள், புதியதை மாட்டும்போது அதை ஓட்டை என்று நினைத்து யாராவது வெல்டிங் வைத்து அடைத்துவிடப் போகிறார்கள், கவனம்.

அடுத்து கன்வெர்ட்டர். எல்லா சிலிண்டர்களின் புகையும் இன்ஜினை ஒட்டிய மேனிஃபோல்டு குழாயில் ஒன்றுசேர்ந்து இதற்குள்தான் நுழைகிறது. உள்ளே தேன்கூடு போல நுண்ணிய கண்களுள்ள பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு. சுமார் 300 டிகிரி சூடேறியதும் கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாகவும், எரியாத பெட்ரோலை கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் மாற்றிவிடும். ஈயம் பட்டால் இந்தப் பூச்சு செத்துவிடும்; 2000-ல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கழற்றினால் பின்னாலுள்ள ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்து டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கை எரியவிடும், புகைச் சான்றிதழுக்குப் போனாலும் மாட்டிக்கொள்வீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், அந்த நஞ்சு உங்கள் தெருப் பிள்ளைகளின் மூக்குக்குத்தான் போகும்.

பிக்கப் விஷயம். சாதாரண காரில் பைப்பின் நீளம், விட்டம் எல்லாம் அந்த இன்ஜினுக்கென்று கணக்குப் போட்டு வைத்தவை. சைலன்சர் அறைகளில் ஒலி அலைகள் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால்தான் சத்தம் அடங்குகிறது. நேர் பைப்பில் அந்த வேலை நடக்காது, சத்தம் கூடுவதால் வேகம் கூடியது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

சைலன்சரை மாற்றும்வரை கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள், மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புதியது வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கிடைக்குமா என்று கேளுங்கள், தொங்கவிடும் ரப்பர்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழி வரை நிற்காமல் ஓட்டிவிட்டு வாருங்கள், சைலன்சருக்குள் தேங்கிய ஈரம் காய்ந்துவிடும்.