சர்வர் மேலாண்மை டிரைவர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: லினக்ஸ் சர்வரில் வெப்பநிலை, மின்விசிறி வேகம் பார்க்க 'ஐபிஎம்ஐடூல் சென்சார்' என்று கொடுத்தால், '/டெவ்/ஐபிஎம்ஐ0' திறக்க முடியவில்லை என்கிறது. டூலை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: டூல் மேல் தப்பில்லை, அதை விட்டுவிடுங்கள். மதர்போர்டில் உள்ள பிஎம்சி சிப் (சர்வரின் வெப்பநிலை, மின்விசிறி, மின்சாரத்தைத் தனியாகக் கண்காணிப்பது), அதோடு பேசும் கெர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையப் பகுதியில் ஏறும் டிரைவர்), டிவைஸ் ஃபைல் (டூல் திறக்கும் '/டெவ்/ஐபிஎம்ஐ0'), இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் டூலுக்கு வேலை. அடியிலிருந்து பார்த்து வாருங்கள்.

முதலில், அது நிஜ சர்வர்தானா? 'சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்' கொடுத்தால் 'நன்' (எதுவுமில்லை) என்று வரவேண்டும். விர்ச்சுவல் மெஷினில் பொதுவாக பிஎம்சி இருக்காது. இல்லாத சிப்புக்கு டிரைவர் தேடி அலைபவர்கள் நிறைய. அடுத்து, ரூட்டாக 'டிஎம்ஐடிகோட் -டி 38'. பிஎம்சியை பயாஸ் அறிவித்திருந்தால் அதன் இன்டர்ஃபேஸ் வகையும் (பெரும்பாலும் கேசிஎஸ்) முகவரியும் இங்கே தெரியும்.

பிறகு 'எல்எஸ்மாட்' பட்டியலில் ஐபிஎம்ஐ_எம்எஸ்ஜிஹேண்ட்லர், ஐபிஎம்ஐ_எஸ்ஐ, ஐபிஎம்ஐ_டெவ்இன்ட்எஃப் மூன்றும் உள்ளனவா பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் மூன்றாவதில்தான். மற்ற இரண்டும் தாமாகவே ஏறியிருக்கும். ஆனால் டிவைஸ் ஃபைலை உருவாக்குவது டெவ்இன்ட்எஃப். 'மோட்ப்ரோப் ஐபிஎம்ஐ_டெவ்இன்ட்எஃப்' கொடுத்தால் ஃபைல் வந்துவிடும். ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க, '/இடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி' ஃபோல்டரில் '.கான்ஃப்' என முடியும் ஒரு ஃபைலில் அந்தப் பெயரை எழுதி வையுங்கள்.

ஐபிஎம்ஐ_எஸ்ஐ ஏறாமல் 'நோ சச் டிவைஸ்' என்று அடம்பிடித்தால் கதை வேறு. 'டிஎம்ஐடிகோட்' காட்டிய 38ஆம் அட்டவணையில் கேசிஎஸ் என்று இருந்தும் மாட்யூல் அதைக் காணவில்லை என்றால், பிஎம்சி உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக (யுடிபி போர்ட் 623, 'லான்பிளஸ்' முறை) 'எம்சி ரீசெட் கோல்ட்' அனுப்புங்கள். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸை இது ரீபூட் செய்யாது. பிஎம்சி எழுந்துவர ஓரிரு நிமிடம் ஆகும். அதற்கும் பதிலில்லையா? சர்வரை முறைப்படி அணைத்து, பவர் கேபிளைக் கழற்றுங்கள். பவர் சப்ளை இரண்டு இருந்தால் இரண்டையும். பிஎம்சி ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் ஓடுவதால், வெறும் ரீபூட் அதைத் தொடுவதே இல்லை. ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள்.

கேள்வி: 'டாப்' கட்டளையில் 'கேஐபிஎம்ஐ0' என்ற புராசஸ் ஒரு கோரை 100% பிடித்துக்கொண்டிருக்கிறது. நிறுத்தலாமா?

பதில்: அது கெர்னல் த்ரெட், கொல்ல முடியாது, கொல்லவும் வேண்டாம். கேசிஎஸ் இன்டர்ஃபேஸ் பல சர்வர்களில் இன்டரப்ட் (பதில் தயார் என்ற அறிவிப்பு) தருவதில்லை. அதனால் 'பதில் வந்ததா, வந்ததா' என்று கெர்னலே கேட்டுக்கொண்டிருக்கிறது. நைஸ் மதிப்பு 19 என்பதால் மற்ற வேலைகளுக்கு வழிவிட்டுத்தான் ஓடும். எண்ணிக்கை பயமுறுத்தும் அளவுக்குப் பாதிப்பு இருக்காது. கட்டுப்படுத்த, ஐபிஎம்ஐ_எஸ்ஐ மாட்யூலின் 'கேஐபிஎம்ஐடி_மேக்ஸ்_பிஸி_யுஎஸ்' அளவுருவை 100 என்று வையுங்கள். சென்சார் வாசிப்பு சற்றுத் தாமதமாகலாம். சர்வருக்குள்ளிருந்தே பிஎம்சி ஃபர்ம்வேர் ஏற்றும்போது மட்டும் 0 ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வேலை இழுத்துக்கொண்டே போகும். அப்படியும் குறையவில்லையா? 'ஃப்யூசர் /டெவ்/ஐபிஎம்ஐ0' போட்டு எந்த மானிட்டரிங் ஏஜென்ட் ஓயாமல் கேட்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு தயாரிப்பாளர் தந்த மேலாண்மை டிரைவர் ஏறவில்லை. 'ரெக்வயர்ட் கீ நாட் அவைலபிள்' என்று வருகிறது.

பதில்: செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத மாட்யூலை ஏற விடாத பாதுகாப்பு ஏற்பாடு) தடுக்கிறது. 'மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்' உறுதிப்படுத்தும். மாட்யூலைக் கையொப்பமிட்ட சாவியை 'மோக்யூடில் --இம்போர்ட்' மூலம் பதிய வேண்டும். பதிவு முடிவது அடுத்த பூட்டில், லினக்ஸ் எழுமுன் வரும் திரையில். எஸ்எஸ்ஹெச் அங்கே உதவாது, கன்சோல் வேண்டும். சென்சார் பார்க்க மட்டும்தான் என்றால், கெர்னலோடு வரும் டிரைவரே பெரும்பாலும் போதும். இந்தத் தொல்லையே வேண்டாம்.

கேள்வி: 'பஃபர் நீளம் 66 தேவை, இருப்பது 32' என்ற ஏசிபிஐ பிழை லாகை நிரப்புகிறது.

பதில்: இந்தப் பிழையைக் கிளப்பும் 'ஏசிபிஐ_பவர்_மீட்டர்' மாட்யூலை பிளாக்லிஸ்ட் செய்யுங்கள், அதாவது தானாக ஏறாதபடி தடுத்துவிடுங்கள். அந்த வழியில் வரும் மின் நுகர்வுக் கணக்கு மட்டும் போகும். பிஎம்சி ஆதரித்தால் 'ஐபிஎம்ஐடூல் டிசிஎம்ஐ பவர் ரீடிங்' அதே கணக்கைத் தரும்.