விட்ட பணமும் விடாத மனசும்: பங்குச் சந்தை நஷ்டம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வயது 29, கோவையில் வேலை. ஆப்ஷன் டிரேடிங்கில் (பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் போடும் ஒப்பந்த வர்த்தகத்தில்) ஆறு லட்சம் போய்விட்டது. அதில் இரண்டு லட்சம் மனைவியின் நகையை அடகு வைத்து எடுத்தது, அவருக்குத் தெரியாது. இன்னும் ஐம்பதாயிரம் புரட்டினால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

பதில்: தம்பி, அந்த ஐம்பதாயிரத்தைப் புரட்டாதீர்கள். நஷ்டப்பட்ட மனசுக்குத்தான் துணிச்சல் அதிகம். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-லேயே இதை எழுதினார்கள்: அதே அளவு லாபம் தரும் சந்தோஷத்தைவிட நஷ்டத்தின் வலி பெரியது, அந்த வலியிலிருந்து தப்பிக்க மனிதன் கூடுதல் ஆபத்தையும் எடுக்கத் துணிவான். ஒரு லாட் (ஒரு தடவையில் வாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு) வாங்கவே யோசித்த கை, இன்று ஐந்து லாட் போடத் துடிப்பது அதனால்தான்.

உங்களை நீங்களே முட்டாள் என்று திட்டிக்கொள்ளவும் வேண்டாம். 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் சொன்னது. அதே இடத்தில் மீட்பது எவ்வளவு அரிது என்பதற்கும் இதே கணக்குதான் சாட்சி.

இன்றைக்கே கணக்கில் எஃப் அண்ட் ஓ பிரிவை முடக்குங்கள். அப்புறம் மனைவியிடம் சொல்லுங்கள். பாதியைச் சொல்லி மீதியை மறைக்காதீர்கள், இரண்டாவது தடவை தெரியவரும்போதுதான் நம்பிக்கை அடியோடு போகும். அடகுச் சீட்டை எடுத்து முன்னால் வைத்தே பேசுங்கள்: வட்டி எவ்வளவு, சம்பளத்தில் மாதம் எவ்வளவு ஒதுக்கலாம், எப்போது மீட்கலாம். கோபப்படுவார். நகை அவருடையது, கோபம் நியாயமானது. அன்றைக்கு வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், 2018-ல் எஸ் பேங்க் பங்கை 350 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கிய விலை வந்ததும் விற்றுவிடலாம் என்று காத்திருக்கிறேன்.

பதில்: அந்த 350 உங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது, சந்தைக்கு அது தெரியாது. வங்கி மூழ்கும் நிலைக்குப் போனதால் 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. ஸ்டேட் வங்கியும் வேறு வங்கிகளும் பங்குக்கு 10 ரூபாய் வீதம் முதலீடு செய்தன, ஜூலையில் 12 ரூபாய்க்குப் புதுப் பங்குகள் வெளியாயின. பங்குகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பத்து மடங்கானது. அதே வங்கியை இப்போது பத்து மடங்கு பங்குகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. "இன்று கையில் பணம் இருந்தால் இதையே வாங்குவேனா?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் விற்க வேண்டியதுதான்.

கேள்வி: மாதாமாதம் ஃபண்டில் போடும் என் எஸ்ஐபி எல்லாம் நஷ்டத்தில், சிவப்பு. ராத்திரி எழுந்து ஆப்பைப் பார்க்கிறேன்.

பதில்: 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் மும்பைச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்தது. அந்த நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டியது. ஆனால் 2008 ஜனவரி உச்சத்துக்குத் திரும்ப 2010 கடைசி வரை ஆனது. இண்டெக்ஸ் ஃபண்டு (இப்படிப்பட்ட குறியீட்டையே பின்பற்றும் ஃபண்டு) என்றால் இந்தப் பொறுமைக்கு அர்த்தம் உண்டு, தனிப் பங்குக்கு அப்படிச் சொல்ல முடியாது. மூன்று வருடத்துக்குள் வேண்டிய பணம் அதில் இருந்தால் பயம் சரியானதே, அதை மெல்ல வெளியே எடுங்கள். இல்லையென்றால் ஆப்பை போனிலிருந்து நீக்குங்கள்.

கேள்வி: எங்கே தப்பு செய்தேன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தரகு நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் டிரேடுகளை நேரத்தோடு இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் வாங்கினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். காலையில் வந்த முதல் நஷ்டத்துக்குப் பின் பத்து நிமிடத்தில் இரட்டிப்பு லாட் போட்டது, எக்ஸ்பைரி நாள் (ஒப்பந்தம் முடியும் நாள்) மதியம் பரபரத்தது, யாரோ டெலிகிராமில் சொன்னார் என்று வாங்கியது எல்லாம் அங்கே தெரியும். தரகு, எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), ஜிஎஸ்டி தனியாகக் கூட்டுங்கள். லாபத்தில் முடிந்த டிரேடுகளையும் எழுதுங்கள். தப்பாகச் செய்து லாபம் வந்திருந்தால் அதுதான் பெரிய ஆபத்து.

கேள்வி: நஷ்டத்துக்கு வரியில் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால். பங்கு விற்ற நஷ்டத்தையும் எஃப் அண்ட் ஓ நஷ்டத்தையும் எட்டு ஆண்டுகள், அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே நஷ்டத்தை நான்கு ஆண்டுகள், பின்னால் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ள முன்னெடுத்துச் செல்லலாம்.

கேள்வி: அக்காவாகக் கேட்கிறேன். தம்பி சாப்பிடுவதில்லை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிறான்.

பதில்: அம்மா, பணப் பேச்சை நிறுத்திவிட்டு அவரைத் தனியே விடாமல் பக்கத்தில் இருங்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 14416, டெலி மனஸ், அரசின் இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். நீங்களே முதலில் போன் போடுங்கள். உடனே ஆபத்து என்று தோன்றினால் 108-ஐ அழையுங்கள், கடன்காரர்கள் காத்திருக்கட்டும்.