எழுந்து நிற்காதவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ப்ரீ த்ரோ (எவரும் குறுக்கே வராமல் கோட்டில் நின்று எறியும் எறிவு) பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் மஹ்மூத் அப்துல் ரவூஃபை ‘மறக்கடிக்கப்பட்ட மேதை’ என்று சொல்லியிருந்தீர்கள். கல்லூரி நாட்களில் கூடைப்பந்து ஆடியவன் நான். அந்த ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்கு 26 லட்சம் டாலர் கொடுத்த நாட்டின் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க மறுத்தவர் அவர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நாம் இதைத்தான் சொல்வோம். அதுகூடப் போகட்டும். தடை வந்து ஒரே ஒரு ஆட்டத்தின் சம்பளம் போனதும் எழுந்து நின்றுவிட்டார். கொள்கை என்றால் கடைசிவரை தாங்க வேண்டாமா? இரண்டு நாளில் கரைந்துபோன கொள்கைக்காக ஒருவரைத் தியாகியாக்கலாமா? அவர் ஆட்டம் மங்கியது, அணிகள் கைவிட்டன என்பதுதானே நேர்மையான விளக்கம்? என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். இப்படிப்பட்டவரை அவளுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சம்பளத்திலிருந்தே தொடங்குவோம். அந்த 26 லட்சம் டாலரை அமெரிக்க அரசு கொடுக்கவில்லை. டென்வர் நக்கெட்ஸ் என்ற தனியார் அணி கொடுத்தது, பந்தை வளையத்துக்குள் போடுவதற்காக. 1995-96 பருவத்தில் அந்த அணியில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர்தான். ஆட்டத்துக்குச் சராசரி 19.2. டிசம்பரில் யூட்டா ஜாஸ் அணியின் சொந்த அரங்கில் 51 புள்ளிகள். பிப்ரவரியில் சிகாகோ புல்ஸுக்கு எதிராக 32. மைக்கேல் ஜோர்டனின் அந்த அணி அப்போது தொடர்ந்து 18 ஆட்டங்களை வென்று வந்திருந்தது. பருவம் முழுக்க 82 ஆட்டங்களில் அது தோற்றது பத்தில்தான். அந்தப் பத்தில் ஒன்று இவர் கையால் வந்தது. பேசிய கூலிக்கு வேலையை முடித்துக் கொடுத்தவர்மீது இரண்டகப் பழி எப்படி ஒட்டும்?

உண்ட வீடு என்கிறீர்கள். அவர் உண்ட வீடு எது? மிஸிஸிப்பி மாநிலத்தின் கடற்கரை ஊரான கல்ஃப்போர்ட்டில், 1969 மார்ச்சில், கிறிஸ் ஜாக்சன் என்ற பெயரோடு பிறந்தார். தந்தை யாரென்று தெரியாது. தாய் தனியாளாக மூன்று மகன்களை வளர்த்தார். சில நாட்கள் சாப்பாடே கிடையாது. அந்த 1969 அக்டோபரில்தான், மிஸிஸிப்பியின் பள்ளிகளில் கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்து வைப்பதை உடனே நிறுத்துங்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து! அந்த வீட்டின் பந்தியில் அவருக்கு இலை எங்கே போடப்பட்டது என்பதையும் பார்த்துவிட்டு நன்றியைப் பற்றிப் பேசலாம்.

அவருடைய உடலைப் பற்றிச் சொல்லாமல் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. அவருக்கு டூரெட் என்ற நரம்புக் குறைபாடு உண்டு. தலை தானாக வெட்டி இழுக்கும், கண்கள் துடிக்கும், தொண்டையிலிருந்து ஒலிகள் கிளம்பும். அதற்கு ஒரு பெயர் இருப்பதே அவருக்குப் பதினேழு வயதில்தான் தெரிந்தது. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ஓர் உந்துதலும் அதோடு சேர்ந்து வந்தது. ஷூ லேஸ் மனதுக்குச் சரியாகப் படும்வரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். பயிற்சியில் பந்து வளையத்துக்குள் விழுந்தால் மட்டும் போதாது. விளிம்பில் படாமல் விழ வேண்டும்; வலை எழுப்பும் ஓசை அவர் காதுக்குள் இருக்கும் ஓசையோடு பொருந்த வேண்டும்; அப்படித் தொடர்ச்சியாகப் பத்து. ஒன்பதாவது பிசகினால் மறுபடி ஒன்றிலிருந்து. வீட்டுக்குக் கிளம்ப முடியாமல் மணிக்கணக்கில் எறிந்துகொண்டே இருந்ததை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் ஆடிய உங்களுக்கு, பயிற்சி முடிந்து களைத்த கையோடு பத்து ப்ரீ த்ரோக்களைத் தவறாமல் போடுவது என்ன பாடு என்று தெரியும். பத்தும் ஒரே சத்தத்தோடு விழ வேண்டும் என்றால்?

லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 30.2 புள்ளிகள். முதலாண்டு மாணவன் ஒருவன் எடுக்கக்கூடிய எண்ணிக்கையே அல்ல அது. இரண்டாம் ஆண்டில், பின்னாளில் பெரும் நட்சத்திரமான ஷகீல் ஓ’நீல் வந்து அவரோடு சேர்ந்தார். தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 1990இல், நாட்டிலேயே மூன்றாவது ஆளாக டென்வர் அவரை எடுத்தது. பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேல் பிரவுன் கையில் கொடுத்த, கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸின் தன்வரலாறு அவரை இஸ்லாம் பக்கம் திருப்பியது. 1991இல் மதம் மாறினார், 1993இல் பெயரை மாற்றிக்கொண்டார். அதே 1993இல், அதிக முன்னேற்றம் கண்ட ஆட்டக்காரர் என்ற என்.பி.ஏ. (இந்த அணிகள் ஆடும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) விருதும் கிடைத்தது.

நான் முன்பு எழுதியது 1993-94 பருவத்தைப் பற்றி. அந்தப் பருவத்தில் அவர் எறிந்த ப்ரீ த்ரோக்கள் 229, விழுந்தவை 219. அதாவது 95.6 விழுக்காடு. அன்றைய சாதனை 1980-81இல் கால்வின் மர்ஃபி வைத்த 95.8. இன்னும் ஒன்றே ஒன்று விழுந்திருந்தால் சாதனை இவருடையது. தவறிய அந்தப் பத்து எறிவுகளையும் அவர் இன்னும் தனித்தனியாக நினைவில் வைத்திருப்பார் என்பது என் ஊகம்.

இங்கே ஓர் இடைச்செருகல். கீதத்துக்கு எழ மறுத்த பிடிவாதமும் அந்த நோயின் விளைவுதான் என்று சிலர் அனுதாபத்தோடு எழுதுவதுண்டு. எனக்கு அந்த அனுதாபம் பிடிக்கவில்லை. ஒருவர் படித்து, யோசித்து, காரணம் சொல்லி எடுத்த முடிவை நரம்புக் கோளாறின் கணக்கில் எழுதுவது, அவரைத் திட்டுவதைவிட மோசமானது. நீங்கள் அதைச் செய்யவில்லை, நேராகத் திட்டியிருக்கிறீர்கள். அது மேல்.

இனி 1996. அந்தப் பருவம் முழுக்கவே கீதம் ஒலிக்கும்போது அவர் உடைமாற்றும் அறையில் இருந்துவிடுவார், அல்லது பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அறிக்கை விடவில்லை, முழக்கம் இல்லை. மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவும் இல்லை. மார்ச்சில் விஷயம் வெளியே வந்து நிருபர்கள் கேட்டபோது பதில் சொன்னார்: அந்தக் கொடி பலருக்கு ஒடுக்குமுறையின் அடையாளம், இந்த நாட்டுக்கு அந்த வரலாறு நெடுகிலும் உண்டு, இறைவன் பக்கமும் ஒடுக்குமுறையின் பக்கமும் ஒருசேர நிற்க முடியாது. கீதத்தின்போது ஆட்டக்காரர்கள் வரிசையாக, கண்ணியமாக நிற்க வேண்டும் என்ற என்.பி.ஏ. விதியைக் காட்டி மார்ச் 12 அன்று தடை விதித்தார்கள். ஆட முடியாத ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 31,707 டாலர் இழப்பு. விதி இருந்தது, அவர் மீறினார். அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் இரண்டு தனியார் அணிகள் டிக்கெட் விற்று நடத்தும் ஆட்டத்துக்கு முன்னால் எதற்காக நாட்டுக் கீதம் என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியிலும் தவறில்லை. 1918இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, பேஸ்பால் மைதானத்தில் கவனம் பெற்ற வழக்கம் அது. இரண்டாம் உலகப்போரில் அன்றாடச் சடங்கானது. போர் முடிந்த பிறகும் யாருக்கும் அதை நிறுத்தத் துணிவு வரவில்லை.

நீங்கள் தடையின் அளவைப் பார்த்து, ஒரே ஒரு ஆட்டம்தானே என்கிறீர்கள். நான் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வேறு. தடை நீங்கி அவர் ஆடிய முதல் ஆட்டம் மார்ச் 15 அன்று சிகாகோவில். மறுநாள், அதே சிகாகோ அணியின் டென்னிஸ் ராட்மன் நியூ ஜெர்ஸியில் நடுவர் ஒருவரைத் தலையால் முட்டினார். ஆறு ஆட்டத் தடை, 20,000 டாலர் அபராதம். ஜூனில் ராட்மன் கையில் சாம்பியன் கோப்பை, அடுத்த பருவத்துக்கு 90 லட்சம் டாலர் சம்பளம். அடுத்த ஆண்டு டிசம்பரில் கோல்டன் ஸ்டேட் அணியின் லட்ரெல் ஸ்ப்ரீவெல் பயிற்சியின்போது தன் பயிற்சியாளரின் கழுத்தை நெரித்தார். 68 ஆட்டங்கள் வெளியே இருந்தார். 1999 ஜனவரியில் நியூயார்க் நிக்ஸ் அவரை வாங்கியது, அந்த ஆண்டே அவர் இறுதிச் சுற்றில் ஆடினார். நம்மவர் அந்தப் பருவத்தில் துருக்கியின் ஃபெனர்பாச்சே அணிக்குப் போயிருந்தார். 1998இல் ஒப்பந்தம் முடிந்தபோது என்.பி.ஏ.வில் ஓர் அணிகூட அவரைக் கூப்பிடவில்லை. வயது 29.

ரகளை செய்பவனை அந்தத் தொழில் தாங்கும்; தாங்குவது மட்டுமல்ல, அவனை விளம்பரம் செய்து விற்கும். ராட்மனின் தலைமுடி வாரத்துக்கு ஒரு நிறத்தில் டிக்கெட் விற்றது. சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தவரை வைத்து எதையும் விற்க முடியவில்லை. இதுதான் இந்த விவகாரத்தில் எனக்குச் சொல்ல இருப்பது.

ஆட்டம் மங்கியது என்ற உங்கள் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஆறடி ஓர் அங்குல உயரம். தடுப்பாட்டத்தில் எதிரணிகள் அவரைக் குறிவைத்தன. ஸ்ப்ரீவெல் அவரைவிட உயரம், இளையவர், இரு பக்கமும் ஆடக்கூடியவர். 1996 கோடையில் டென்வர் அவரை சாக்ரமென்டோ அணிக்குத் தள்ளிவிட்டது. அங்கே இரண்டாவது பருவத்தில் அவருடைய எறிவுகளில் பத்துக்கு நான்குகூட விழவில்லை. ஆனால் வரிசையையும் பாருங்கள். டென்வரில் கடைசியாக ஆடிய பருவத்தில் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 36 நிமிடங்கள். சாக்ரமென்டோவில் முதல் ஆண்டு 28, அடுத்த ஆண்டு 17. ஓசை பொருந்தும்வரை எறிந்து பழகிய ஒருவரைக் கால்மணி நேரம் இறக்கிவிட்டு உட்கார வைத்தால் குறி தப்பாமல் என்ன செய்யும்? முதலில் நிமிடங்கள் போயின, பிறகுதான் குறி போனது. இப்படிப்பட்ட தண்டனைக்குக் காகிதச் சான்று இருப்பதில்லை. சிகாகோவின் கிரெய்க் ஹாட்ஜஸ் 1991இல் வெள்ளை மாளிகைக்கு ஆப்பிரிக்க அங்கி அணிந்து போய், கறுப்பர்களின் நிலை பற்றி ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். மறு ஆண்டு அணி அவரை விட்டது. பிறகு எவரும் எடுக்கவில்லை. என்.பி.ஏ. மீது வழக்குத் தொடுத்துப் பார்த்தார், நிற்கவில்லை.

இப்போது அந்த இரண்டு நாட்கள். ஒதுக்கப்பட்ட காலத்தில் அவர் பிற முஸ்லிம்களோடு பேசினார். அவர்கள் எல்லோரும் அவர் பக்கம் இல்லை. ஹூஸ்டன் அணியின் ஹகீம் ஒலாஜுவன், அன்று அந்த ஆட்டத்தின் மிகப்பெரிய முஸ்லிம் பெயர், வாழும் நாட்டை மதிப்பது இஸ்லாத்துக்கு விரோதமல்ல என்று வெளிப்படையாகவே சொன்னார். முடிவில் ஒரு வழி கண்டார்கள்: எழுந்து நிற்பார், ஆனால் தலையைக் குனிந்து, கைகளை ஏந்தி, துன்பப்படுபவர்களுக்காகத் தொழுவார். நீங்கள் இதைக் கரைதல் என்கிறீர்கள். கலந்து பேசி, மாற்றுக் கருத்தைக் காதில் வாங்கி, தன் மனச்சாட்சிக்குள் அடங்கும் ஒரு வழியைக் கண்டவர் என்றும் சொல்லலாம் அல்லவா? எவர் பேச்சையும் கேட்காமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தால் அப்போது வெறியர் என்றிருப்போம். சிகாகோவில் அவர் நின்றார், விதியும் நிறைவேறியது. அப்போதும் அரங்கம் கூச்சலிட்டது. நிற்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் அந்தக் கூச்சல் ஏன்? சில நாட்களில் டென்வர் வானொலி நிலையம் ஒன்றின் ஆட்கள் பள்ளிவாசலுக்குள் புகுந்து தேசிய கீதத்தை ஊதினார்கள். வழிபாட்டுத் தலத்தில் ஊதினால் கீதத்துக்கு மரியாதை கூடுமாம்!

துருக்கிக்குப் பிறகு 2000-01இல் என்.பி.ஏ.வின் வான்கூவர் அணி அவரை எடுத்தது. 41 ஆட்டங்கள், சொற்ப நிமிடங்கள். அத்தோடு என்.பி.ஏ. முடிந்தது. 2001இல் மிஸிஸிப்பியில் அவர் கட்டிய வீடு தீக்கு இரையானது; கு க்ளக்ஸ் க்ளான் என்ற இனவெறிக் கும்பலின் எழுத்துகளை அதற்கு முன்பே அங்கே எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இத்தாலி, கிரீஸ், சவூதி அரேபியா என்று ஆடிக்கொண்டே இருந்தார், நாற்பதைத் தாண்டி ஜப்பானின் கியோட்டோவிலும் ஆடினார். 2016இல் காலின் கேப்பர்னிக் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் கீதத்தின்போது மண்டியிட்ட பிறகுதான், இருபது ஆண்டுகள் முன்பு ஒருவர் இருந்தாரே என்று பத்திரிகைகள் அவரைத் தேடி வந்தன. 2020இல் அவருடைய பல்கலைக்கழகம் 35ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்துக் கௌரவித்தது.

உங்கள் மகளைப் பற்றி. தியாகி என்று நான் எழுதவில்லை, மேதை என்றுதான் எழுதினேன். அவளிடமும் அதிலிருந்தே தொடங்குங்கள். யூட்டாவுக்கு எதிரான அந்த 51 புள்ளி ஆட்டத்தின் காட்சிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஓட்டத்தை நிறுத்துவதும் எறிவதும் அவரிடம் ஒரே அசைவு. தடுப்பவர் கையைத் தூக்குவதற்குள் பந்து போய்விடும். தூரத்திலிருந்து எறிவதில் பேர்பெற்ற ஸ்டெஃப் கர்ரியின் ஆட்டத்தைப் பார்த்து, ஜோர்டனின் பயிற்சியாளராக இருந்த ஃபில் ஜாக்சன் 2016இல் இவரைத்தான் ஒப்பிட்டார். அதை உங்கள் மகளுக்கு நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டுங்கள், கால் எங்கே ஊன்றுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். இவ்வளவு நன்றாக ஆடியவரின் பெயரை நான் ஏன் கேள்விப்பட்டதில்லை என்று அவள் கேட்டால், உங்கள் தரப்பை முதலில் சொல்லுங்கள், பிறகு என் தரப்பை. ஒலாஜுவன் சொன்னதை விட்டுவிடாதீர்கள்.