உங்களுக்கு மிகவும் பிடித்த கவிதை எது? ஏன்?

பாரதியைச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றே ஒன்று என்று கேட்டால், எனக்குப் புறநானூற்றின் 243ஆம் பாட்டுதான்.

பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். அசல் பெயர் தொலைந்துவிட்டது. தொடித்தலை விழுத்தண்டு என்றால் பூண் போட்ட கைத்தடி. பாட்டில் அவர் ஊன்றி நிற்கும் தடியே அவருக்குப் பெயராகிவிட்டது.

நடுங்கும் கிழவர் சின்ன வயதை நினைக்கிறார். மணல் பாவைக்குப் பூச்சூட்டியது, பெண்களோடு கைகோத்துத் தண்ணீரில் ஆடியது, நீர்மேல் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறியது, கரையில் நின்றவர்கள் மிரள 'நெடுநீர்க் குட்டத்துத் துடுமெனப் பாய்ந்து' அடிமணலை அள்ளி வந்தது. அவ்வளவுதான் விஷயம்.

கல்லூரியில் படித்தபோது அந்தத் 'துடும்' மட்டும்தான் என் காதில் விழுந்தது. எங்கள் ஊர்க் கிணற்றில் மோட்டார் ரூம் மேலேயிருந்து குதிப்போம். அடியைத் தொட்டதற்குச் சாட்சியாக ஒரு கை சேறு கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் ஒருவனும் நம்பமாட்டான். 'குளித்து மணற்கொண்ட கல்லா இளமை' என்று படித்ததும், அடப்பாவிகளா, அப்போதே இந்தப் பந்தயமா என்று சிரித்தேன்.

இப்போது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. கண் கடைசி மூன்று வரியில்தான் போய் நிற்கிறது. இளமைக்கு மட்டும் ஒன்பது வரிக்கு மேல்; தழீஇ (தழுவி), தூங்கி (அசைந்தாடி), ஏறி, பாய்ந்து என்று மூச்சு வாங்காமல் ஓடுகிறது. முதுமை மூன்றே வரியில் முடிந்துபோகிறது. அதிலும் 'இருமிடை மிடைந்த சிலசொல்', இருமலுக்கு நடுவே சிக்கிய ஒன்றிரண்டு சொல். இந்தப் பாட்டு நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகை. அதில் ஒவ்வொரு அடிக்கும் நான்கு சீர், அதாவது நான்கு சொல்துண்டு; கடைசிக்கு முந்தைய அடி மட்டும் மூன்று சீராகக் குறையும். அது பொது இலக்கணம், இவர் செய்த புதுமை இல்லை. ஆனால் பேச்சு குறைந்துபோனதைச் சொல்லும் வரி சரியாக அந்தக் குறைந்த அடியில் வந்து விழுகிறதே! நான்காவது சீர் வரவேண்டிய இடத்தில் எனக்கு இருமல் கேட்கிறது.

இந்தப் பாட்டுக்குக் குறித்திருக்கும் துறை, அதாவது பாடுபொருளின் வகை, கையறுநிலை. இறந்துபோன மன்னனுக்கும் வள்ளலுக்கும் அழுகிற துறை அது. இங்கே சாவே இல்லை, இளமைதான் போயிருக்கிறது. துறை வகுத்தவர் நல்ல வாசகர்.

போன வருஷம் படுக்கையில் இருந்த அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். பழந்தமிழ் அவருக்குப் புரியாது, அதனால் வரிவரியாகப் பொருள் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மணல் எடுத்து வரும் இடம் வந்ததும் இருமினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"மணலா? நம்ம கெணத்துல... சேறுதான்டா."