ஐப்பசி ஏரியில் யார் வந்திருக்கிறார்கள்? – வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி கடைசியில் இரண்டு முறை வைகை அணைக்குப் போனோம். நீர்க்காகமும் ஒரு விராலடிப்பானும்தான் கண்ணில் பட்டன. வாத்து ஒன்றுகூட இல்லை. இந்த ஆண்டு வலசை தாமதமா? (ஆண்டிப்பட்டி)

முதலில் ஒரு திருத்தம். விராலடிப்பானும் வலசை வந்த பறவைதான். ஆகவே வலசையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

வாத்து கண்ணில் படாததற்குக் காரணம் நீங்கள் நின்ற இடம். அணைச் சுவரை ஒட்டிய தண்ணீர்தான் ஆழம் மிகுந்தது. நம் ஊருக்கு வரும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் முங்கி இரை தேடுபவை அல்ல. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு அடியில் உள்ள விதையையும் பூச்சியையும் எடுப்பவை. கழுத்து எட்டும் தூரம்தான் அவற்றுக்கு மேய்ச்சல் நிலம். கழுத்து நீண்ட ஊசிவாலுக்கே முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். பகலில் சில சமயம் நடு நீரில் கூட்டமாக மிதந்து தூங்கும். ஆனால் சாப்பாட்டுக்குத் தாழ்ந்த தண்ணீருக்கு வந்தே ஆக வேண்டும். நீர்க்காகமும் விராலடிப்பானும் மீன் பிடிப்பவை, ஆழம் அவற்றுக்குத் தடையில்லை. அதனால்தான் உங்களுக்கு அவை மட்டும் கிடைத்தன.

அடுத்த முறை அணைச் சுவரை விட்டுவிட்டு, ஆறு வந்து நீர்த்தேக்கத்தில் சேரும் மேற்குப் பக்கத்துக்குப் போங்கள். அங்கேதான் கரை தட்டையாக இறங்கும். இன்னொன்று, நாளிதழில் தினமும் அணையின் நீர்மட்டம் வருகிறதல்லவா, அதைப் பறவைக் குறிப்பேட்டில் தேதிக்குப் பக்கத்தில் எழுதி வாருங்கள். வைகையின் முழு மட்டம் 71 அடி. மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும் வாரங்களில் கரையோரச் சேறு மூழ்கிவிடும், அதில் இரை தேடும் உள்ளான்கள் வேறிடம் போய்விடும். மட்டம் இறங்கத் தொடங்கியதும் ஈரச்சேறு வெளியே வரும், அவை திரும்பி வரும். இரண்டு பருவம் இப்படி எழுதினால் உங்கள் அணையில் எத்தனை அடியில் எந்தப் பறவை என்பது கைவசமாகிவிடும். எந்தக் கையேட்டிலும் அது இருக்காது.

ஊர் ஏரிகளிலும் இதே கதைதான். ஆவணி, புரட்டாசியில் ஏரி வற்றிக் கிடக்கும்போதே உள்ளான்கள் வந்து இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைந்ததும் ‘வந்த பறவை காணோம்’ என்று கடிதம் வருகிறது. மார்கழி, தையில் வாத்துகள் மிகும். பாசனத்துக்குத் தண்ணீர் திறந்து மாசியில் சேறு தெரியும்போது உள்ளான்கள் மறுபடி கூடும். நல்ல மழை பெய்த ஆண்டில் சுற்றுவட்டார ஏரிகள் எல்லாம் நிறைவதால் பறவைகள் பிரிந்துபோய், ஒவ்வோர் ஏரியிலும் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். அதை வைத்து வரத்தே குறைந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

படத்தில் ஆண் வாத்துகள் பளிச்சென்று இருக்கின்றன. எங்கள் குளத்துக்கு அக்டோபரில் வந்தவை எல்லாமே பழுப்பு. பெட்டைகள் மட்டும்தான் முதலில் வருமா? (சூலூர்)

இல்லை, அந்தக் கூட்டத்தில் ஆண்களும் உண்டு, வேடம் மாறியிருக்கின்றன. வடக்கே இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் சிறகின் பறக்கும் இறகுகளை மொத்தமாக ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும். புது இறகு முளைக்கும் மூன்று, நான்கு வாரம் பறக்கவே முடியாது. அந்தக் காலத்தில் நரிக்கும் பருந்துக்கும் தெரியாமல் பதுங்க, பெட்டையைப் போன்ற மங்கிய உடையைப் போர்த்திக்கொள்கின்றன. சிறகு முளைத்ததும் அதே உடையோடு தெற்கே கிளம்பிவிடுகின்றன. வண்ண உடை இங்கே வந்த பிறகுதான் திரும்பும். ஊசிவால் சீக்கிரம் மாறிவிடும். நீலச்சிறகி எல்லாவற்றுக்கும் கடைசி, தை மாசி வரை இழுக்கும்.

ஆகவே அக்டோபர், நவம்பரில் நிறத்தைத் தேடாதீர்கள். அலகு, உருவம், முகம், சிறகு, இந்த வரிசையில் பாருங்கள். அலகு கரண்டிபோல் நுனியில் விரிந்து, தலையைவிட நீளமாக இருந்தால் தட்டைவாயன், வேறு யோசனையே வேண்டாம். மெல்லிய நீண்ட கழுத்து, சாம்பல் அலகு, கூரிய வால் என்றால் ஊசிவால். நாமத்தலை வாத்துக்கு உருண்டைத் தலை, குட்டை அலகு, வெள்ளை வயிறு. சிறிய வாத்து, கண் வழியே ஒரு கருங்கோடு, கன்னத்தில் இன்னொரு கோடு, அலகடியில் வெளிறிய புள்ளி என்று முகம் வரிவரியாக இருந்தால் நீலச்சிறகி. அதே அளவில் முகம் வெறுமையாகவும் வாலடியின் பக்கத்தில் வெளிறிய கீற்றும் இருந்தால் கிளுவை.

சிறகின் நிறத்தை மங்கிய உடை பெரிதாக மாற்றுவதில்லை. ஆண் நீலச்சிறகி எழும்பினால் முன்சிறகு வெளிர்நீலமாக மின்னும். இதற்காகக் கல்லெறிந்து எழுப்ப வேண்டியதில்லை. மீன்பிடிப் பரிசல் ஒன்று குறுக்கே வரும்வரை காத்திருங்கள், தானாக எழும்.

அடிக்கடி நேரும் தவறு, உள்ளூர் வாத்தை வலசைக் கணக்கில் சேர்ப்பது. கறுத்த அலகின் நுனியில் மஞ்சள், முதுகோரம் வெள்ளைப் பட்டை இருந்தால் அது ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் புள்ளிமூக்கு வாத்து. செம்பழுப்பு நிறத்தில், சீட்டியடித்துக்கொண்டே பறந்தால் சீழ்க்கைச் சிறகி. அதுவும் உள்ளூர்தான்.

வேடந்தாங்கலுக்குக் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகின்றன என்று உடன் வந்தவர் விளக்கினார். உண்மையா? (செங்கல்பட்டு)

உண்மையில்லை. ஆஸ்திரேலியாவின் கூழைக்கடா வேறு இனம். வேடந்தாங்கலில் இருப்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் புள்ளியலகுக் கூழைக்கடா. சங்குவளை நாரை, நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம் எல்லாம் மழைக்கும் தண்ணீருக்கும் ஏற்ப இந்தியாவுக்குள் இடம் மாறுபவை. மரத்தடியில் தண்ணீர் நின்றால் நரி, பூனை எட்டாது என்பதால் மழைக்குப் பிறகு அங்கே கூடுகின்றன.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. குளிர்காலத்தைக் கழிக்க வடநாடுகளிலிருந்து வரும் பறவை இங்கே கூடு கட்டாது. கிளையில் குஞ்சு தெரிந்தால் அது நம் ஊர்ப் பறவை. மத்திய ஆசியாவிலிருந்து வந்ததைப் பார்க்க வேண்டுமானால் மரத்தை விட்டுத் தண்ணீரையும் சேற்றையும் பாருங்கள். அருகிலேயே இருக்கும் கரிக்கிலிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். வாத்துகளுக்கு அது நல்ல இடம். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம்தான் பெயர் போனது.

காலை ஏழு மணிக்குப் போனாலும் எல்லாப் பறவையும் கருநிழலாகவே தெரிகிறது. பைனாகுலர் மட்டமானதா? (அரியலூர்)

பைனாகுலர்மேல் பழி போடுவதற்கு முன் சூரியன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் ஏரியின் மேற்குப் பக்கம், தண்ணீர் வந்து சேரும் உள்வாயில் நின்று சூரியனை எதிர்கொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நம் சமவெளியில் நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால் பல ஏரிகளில் மதகும் கரையும் கிழக்கே அமைந்திருக்கும். காலையில் கரைமேல் நில்லுங்கள், வெயில் உங்கள் முதுகில் விழும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் உள்வாய்க்குப் போங்கள். கரைமேல் நிற்கும் ஆளின் உருவம் வானத்தில் கறுப்பாகத் தெரியும் என்பதால், உச்சியில் நிற்காமல் சரிவில் இரண்டடி இறங்கி உட்காருவது நல்லது. ஒன்பதரைக்கு மேல் கானல் எழும். அப்புறம் எத்தனை விலை கொடுத்த கண்ணாடியும் உதவாது.

பைனாகுலரில் 8x42 வாங்குவதா, 10x50 வாங்குவதா? (ஈரோடு)

8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10x50 கனம் கூடுதல், கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கிக் காட்டும், ஒரே பார்வையில் தெரியும் பரப்பும் பொதுவாகக் குறையும். வாங்கியதும் ஒரு முறை சரிசெய்யுங்கள். வலக்கண் பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவு கொண்டுவாருங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, அதே பொருளைப் பார்த்தபடி வலக்கண் வளையத்தை மட்டும் திருப்புங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர் ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் தோல் பையில் பூட்டி வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

சாதா உள்ளான், பொரி உள்ளான், பச்சை உள்ளான் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன. (விருதுநகர்)

ஓரத்தில் தனியாக நடந்து, ஓயாமல் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டிருப்பது சாதா உள்ளான். மார்புக்கும் சிறகுக்கும் நடுவே வெள்ளை நிறம் தோளை நோக்கி மேலேறும், அதுதான் உறுதியான அடையாளம். எழும்பினால் தண்ணீரை ஒட்டி, விறைத்த சிறகை விட்டுவிட்டு அடித்துப் பறக்கும்.

மற்ற இரண்டுக்கும் பறக்கும்போது வாலடி வெள்ளையாகத் தெரியும். பொரி உள்ளான் பெயருக்கேற்ப முதுகெல்லாம் பொரிப்பொரியாக, கண்ணுக்கு மேல் நீண்ட வெள்ளைப் புருவத்தோடு, பெரும்பாலும் கூட்டமாக மேயும். கால் மஞ்சள் சாயல், சிறகின் அடிப்பக்கம் வெளிறியது. பச்சை உள்ளானின் முதுகில் பச்சையைத் தேடாதீர்கள், கால்தான் மங்கிய பச்சை. உடல் கறுத்தும் சிறகின் அடிப்பக்கம் கரியாகவும் இருக்கும். வாய்க்கால் ஓரம் தனியாக நின்று, திடுக்கிட்டால் உரக்கக் கத்தியபடி உயரே ஏறிவிடும். நனைந்த சேற்றில் கால் நிறத்தை நம்ப வேண்டாம், சிறகின் அடியைப் பாருங்கள்.

குளத்தில் ஆயிரக்கணக்கில் வாத்து. எப்படி எண்ணுவது? (ராமநாதபுரம்)

முதலில் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதிய வையுங்கள். பிறகு இடமிருந்து வலமாகப் பத்துப் பத்தாக, கூட்டம் பெரிதானால் ஐம்பது ஐம்பதாக நகருங்கள். நடுவில் நெருக்கமும் ஓரத்தில் இடைவெளியும் இருப்பதால் ஒரே அளவுகோலை ஓட்டினால் தப்பாகும். மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள். இனம் கலந்த கூட்டமென்றால் மூன்று இடத்தில் நூறு நூறாக எடுத்து விகிதம் பாருங்கள். முங்கி எழும் முக்குளிப்பானும் நாமக்கோழியும் எப்போதும் குறைவாகவே கணக்கில் விழும். ‘ஏராளம்’ என்று எழுதினால் எதற்கும் பயன்படாது, தோராயமான எண்ணாவது வேண்டும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் வரும். அதற்குள் கை பழகிவிடும்.

இரவில் ஒரு வண்ணக்குருவி சன்னல் கண்ணாடியில் மோதி விழுந்தது. ஆறுமணிக்குருவி என்கிறார்கள். என்ன செய்வது? (பண்ருட்டி)

வலசையில் இரவில் பறக்கும் பறவை, விளக்கு வெளிச்சத்தில் தடுமாறியிருக்கும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், கால் வழுக்காமல் ஒரு துணி விரித்து உள்ளே விட்டு மூடுங்கள். மின்விசிறி, பூனை இல்லாத இருட்டறையில் இரண்டு மணி நேரம் இருக்கட்டும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அரிசி, பழம் எதுவும் வேண்டாம், அது பூச்சியும் புழுவும் தின்பது. தெளிந்ததும் விடிந்தபின் புதர் நிழலில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டு விலகுங்கள், மேலே வீசக் கூடாது. சிறகு தொங்கினால் அன்றே வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம்.